வெளியே வைரம், உள்ளே சோறு

கல்யாண மண்டபத்து மேடையில் மணமக்களின் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். மறுநாள் காலையில் அந்த எழுத்துகள் மண்டபத்தின் பின்பக்கம் குப்பையோடு கிடக்கும். பிள்ளைகள் அவற்றை எடுத்து ஒடித்து விளையாடுவார்கள். இரண்டு விரல் போதும், முறிந்துவிடும். நகம் பட்டால் குழி விழும். ஒரு சொட்டு பெட்ரோல் பட்டால் பாகாய் இளகி இருந்த இடம் தெரியாமல் போகும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த நுரையில் இறக்கை செதுக்கி, இரண்டு பேரைச் சுமந்துகொண்டு மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கிற விமானங்கள் இருக்கின்றன. தொழிற்சாலையில் செய்தவை அல்ல. ஆசிரியர்களும் மெக்கானிக்குகளும் ஓய்வுபெற்றவர்களும் தங்கள் வீட்டு கார் ஷெட்டில், ராத்திரிகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் உட்கார்ந்து கட்டியவை.

வீட்டில் ஒருவர் விமானம் கட்டினார் என்று செய்தி படிக்கும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரே கேள்விதான்: உடைந்துவிடாதா? நியாயமான கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

கார் கூரையில் ஒரு காற்றுச் சோதனை

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மொஹாவி பாலைவனம். அங்கே எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் சோதனைப் பறப்புப் பொறியாளராக வேலை பார்த்தவர் பர்ட் ருட்டன். 1960களின் கடைசியில் தன் வீட்டு கார் ஷெட்டில் சொந்தமாக ஒரு விமானம் கட்டத் தொடங்கினார். அதற்கு வேரிவிக்கன் என்று பெயர். அதன் மாதிரியைச் சோதிக்கக் காற்றுச் சுரங்கம் வேண்டும். வாடகைக்கு எடுக்கப் பணம் இல்லை. மாதிரியைத் தன் காரின் கூரைமேல் ஒரு சட்டத்தில் பொருத்தினார். ஆளில்லாத சாலையில் வேகமாக ஓட்டிக்கொண்டே காற்று அதை எவ்வளவு தூக்குகிறது, எந்தப் பக்கம் திருப்புகிறது என்று அளந்தார். காற்று ஓடினாலென்ன, கார் ஓடினாலென்ன, இறக்கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

1974இல் மொஹாவியிலேயே ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். அது விமானம் விற்கவில்லை, வரைபடம் விற்றது. 1975இல் பறந்த அவருடைய வேரி-ஈஸியும், 1979இல் பறந்த லாங்-ஈஸியும் வீட்டு விமானக்காரர்களின் உலகத்தையே புரட்டிப்போட்டன. அதுவரை இவர்கள் மரச்சட்டம் அறுத்துத் துணி போர்த்தினார்கள், அல்லது இரும்புக் குழாயைப் பற்றவைத்தார்கள், அல்லது அலுமினியத் தகட்டில் ஆயிரக்கணக்கான ஆணி அடித்தார்கள். ருட்டனின் வரைபடம் கேட்டதோ நுரைக்கட்டி, கண்ணாடியிழைத் துணி, எபாக்சிப் பசை, கத்தி, தூரிகை. அச்சு தேவையில்லை, பெரிய எந்திரங்கள் தேவையில்லை. இந்த அத்தியாயத்துக்கு லாங்-ஈஸியையே எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் 'உடையாதா?' என்ற கேள்விக்கு அதன் இறக்கை தருகிற பதில் அவ்வளவு தெளிவானது.

காற்று கேட்கும் பலம் எவ்வளவு?

ஆட்கள், எரிபொருள் எல்லாம் சேர்த்து லாங்-ஈஸியின் எடை ஏறக்குறைய 600 கிலோ. அதைத் தூக்கும் இறக்கைப் பரப்பு சுமார் 8 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு 75 கிலோ. ஒரு கட்டிலின் பாதிப் பரப்பில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற கனம், அவ்வளவுதான். நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் பத்து டன் பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. இறக்கையின் மேல்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் இடையே அதில் நூற்றில் ஒரு பங்குகூட வித்தியாசம் வேண்டாம், இந்த விமானம் பறந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு இடத்திலும் பலம் குறைவாக இருந்தால் போதும். சிக்கல் வேறு இடத்தில். அந்த 75 கிலோக்கள் எல்லாம் இறக்கை நெடுகப் பரவி மேல்நோக்கித் தள்ளுகின்றன; விமானத்தின் எடையோ நடுவில் கீழ்நோக்கி இழுக்கிறது. தோளில் காவடித் தண்டு வளைவதைத் தலைகீழாகப் பாருங்கள், அதுதான் இறக்கை. இறக்கையின் முனை மேலே வளையப் பார்க்கும். அடிமரத்தில் முறியப் பார்க்கும். 60 டிகிரி சாய்ந்து ஒரு திருப்பம் திரும்பினால் எல்லாச் சுமையும் இரண்டு மடங்காகும். மேகத்துக்குள் ஒரு குலுக்கல் வந்தால் இன்னும் கூடும்.

வளைகிற எதிலும் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நசுங்கும். மூங்கில் கழியை முழங்காலில் வைத்து வளைத்தால் வெளிப்பக்கத்து நார் பிரிவதையும் உள்பக்கம் மடிவதையும் பார்க்கலாம். நட்டநடுவில் இருக்கும் பொருளுக்கு இழுப்பும் இல்லை, நசுக்கலும் இல்லை. அது ஏறக்குறைய சும்மா இருக்கிறது.

பனைமரத்துக்குள்

தொல்காப்பியம் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளே வைரம் பாய்ந்தவை அகக்காழ். வெளியே வைரம் பாய்ந்தவை புறக்காழ். வேம்பும் தேக்கும் முதல் வகை. பனையும் தென்னையும் மூங்கிலும் இரண்டாம் வகை. பனையை அறுத்தவர்களுக்குத் தெரியும், சுற்றிலும் கோடரியைத் திருப்புகிற கறுத்த வைரம், நடுவில் பொசபொசவென்று சோறு. மூங்கிலில் அந்தச் சோறும் இல்லை, வெறும் காற்று. புயலில் வளைந்து நிமிர்வது இந்த வகைதான். வளைவின் பாரம் வெளிப்பக்கம்தான் விழுகிறது என்றால் வலுவான பொருளை வெளியே வைத்துவிட்டு, நடுவில் லேசான ஏதாவது ஒன்றை நிரப்பினால் போதுமே!

லாங்-ஈஸியின் இறக்கை ஒரு புறக்காழ்க் கட்டு. பொறியாளர்கள் இதைச் சாண்ட்விச் என்பார்கள். நமக்குப் பனை பக்கத்தில் இருக்கிறது, அந்தச் சொற்களிலேயே பேசுவோம். வெளியே கண்ணாடியிழையில் ஒரு தோல். உள்ளே நுரையில் ஒரு சோறு.

ஒரு மில்லிமீட்டர் தோல்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம், சூத்திரம் வேண்டாம்.

அரை மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு கண்ணாடியிழைத் தகடுகள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் ஒரு மில்லிமீட்டர் தகடு கிடைக்கும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2 கிலோ. கையில் எடுத்தால் துவண்டு ஆடும், முறத்தைப் போலக்கூட விறைப்பாக நிற்காது.

அதே இரண்டு தகடுகளைப் பிரித்து, நடுவில் 20 மில்லிமீட்டர் நுரையை வைத்து ஒட்டுவோம். இறக்கைக்கு எடுக்கும் நுரை கனமீட்டருக்கு 32 கிலோ அளவில் இருக்கும். ஆக, கூடிய எடை 650 கிராம்கூட இல்லை. 2 கிலோ இருந்தது 2.6 கிலோ ஆகிறது. விறைப்பு எவ்வளவு கூடியது?

முன்பு ஒவ்வொரு தகடும் நடுக்கோட்டிலிருந்து கால் மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தது. இப்போது பத்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது நாற்பது மடங்கு தூரம். தூரம் நாற்பது மடங்கானால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. அதே அளவு வளைப்பதற்கு அந்தத் தகட்டை நாற்பது மடங்கு அதிகம் நீட்டவேண்டும். அது திருப்பி இழுக்கும்போது நாற்பது மடங்கு நீளமான நெம்புகோலின் முனையிலிருந்து இழுக்கிறது. நாற்பது நாற்பதாகப் பெருகும். தகட்டின் சொந்தத் தடிமனையும் சரியாகக் கணக்கில் எடுத்தால் விறைப்பு ஆயிரத்து இருநூறு மடங்குக்கும் மேலே வருகிறது. நுரை கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், அதனால் நடைமுறையில் இந்த எண் குறையும். குறைந்தாலும், எடையில் மூன்றில் ஒரு பங்கு கூட்டியதற்கு இது நம்பமுடியாத லாபம். இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று தாளை இரண்டு முறை சரிபார்த்தேன்.

அப்படியானால் விரலில் ஒடிகிற நுரை உள்ளே செய்வதுதான் என்ன? இருநூறு பக்க நோட்டை எடுத்து வளையுங்கள். சுலபமாக வளையும், ஓரத்தில் தாள்கள் படிப்படியாக நழுவியிருக்கும். அந்தத் தாள்களை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் அது பலகை. நழுவாமல் பிடிப்பதுதான் நுரையின் முதல் வேலை. இரண்டாவது வேலையும் அதே அளவு முக்கியம். பறக்கும்போது இறக்கையின் மேல்தோல் நசுங்குகிறது. மெல்லிய தகட்டை விளிம்போடு விளிம்பாக அழுத்தினால் அது நசுங்குவதற்கு முன்பே மடங்கிவிடும், தாளைப் போல. பின்னால் நுரை ஒட்டியிருந்தால் மடங்க இடமில்லை. நுரை பாரம் தூக்குவதில்லை. தோல்கள் பாரம் தூக்கும்வரை அவற்றை இடம் மாறாமல் வைத்திருக்கிறது.

இழைகளை எந்தத் திசையில் போடுகிறோம் என்பதும் இருக்கிறது. இறக்கையின் நீளவாக்கில், மேலும் கீழும் ஒரு பள்ளம் எடுத்து, அதில் ஒரே திசையில் ஓடும் இழை நாடாக்களை அடுக்கடுக்காக நிரப்புவார்கள். வளைவைத் தாங்குவது பெரும்பாலும் இவைதான். மேலே போர்த்தும் துணியின் இழைகளோ 45 டிகிரி குறுக்காக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் காப்பது அவை.

சூட்டுக் கம்பி

மேடை அலங்காரக்காரர் தெர்மாகோல் எழுத்தை வெட்டும் அதே முறைதான். மின்சாரம் பாய்ந்து சூடேறிய கம்பி நுரையை வெண்ணெயாய் வெட்டும். இறக்கைக்கு வேண்டியது மீன் உடல் போன்ற ஒரு குறுக்குவெட்டு, முன்னால் உருண்டு, பின்னால் கூர்மையாக. அந்த வடிவத்தில் இரண்டு பலகைகள் அறுத்து, நுரைக்கட்டியின் இரண்டு முனைகளிலும் அடித்து வைப்பார்கள். கம்பியை வில் போன்ற சட்டத்தில் கட்டி, இரண்டு பேர் அதன் இரண்டு முனைகளைப் பிடித்து, பலகையின் விளிம்பை ஒட்டி இழுக்கவேண்டும்.

இறக்கை அடியில் அகலம், முனையில் குறுகல். ஆகவே ஒரு பக்கத்து ஆள் நீண்ட தூரம் போகிற நேரத்தில் மறுபக்கத்து ஆள் கொஞ்ச தூரம்தான் போகவேண்டும். இதற்கு ருட்டனின் வரைபடத்தில் ஒரு எளிய வழி உண்டு. இரண்டு பலகைகளின் விளிம்பிலும் ஒரே எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். ஒருவர் எண்ணைச் சொல்லிக்கொண்டே நகர, மற்றவர் அதே எண்ணில் தன் கம்பி முனையைக் கொண்டுவந்து நிறுத்துவார். கணவனும் மனைவியும், தகப்பனும் பிள்ளையும் இப்படி எண் சொல்லிச் சொல்லி இறக்கை வெட்டியிருக்கிறார்கள். உதிரி பாகங்களுக்குப் பயன்படும் யூரித்தேன் நுரைக்கு மட்டும் இந்தக் கம்பியைக் காட்டக் கூடாது. சூடு பட்டால் அதிலிருந்து விஷப்புகை வரும். அதைக் கத்தியால்தான் செதுக்கவேண்டும். எரிபொருள் தொட்டிக்கு வேறு நுரை. பெட்ரோலில் கரையாத பிவிசி நுரையில்தான் அதன் சுவர்கள்.

மாவுக்கட்டும் தராசும்

கை முறிந்தால் போடும் மாவுக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நனைந்த துணியாகத்தான் சுற்றுகிறார்கள். சற்று நேரத்தில் கல்லாகிறது. நுரைமேல் கண்ணாடியிழைத் துணியை விரித்து எபாக்சியில் நனைப்பதும் அப்படித்தான். முதலில் நுரையின் கண்களை அடைக்க, மாவு போன்ற நுண்ணிய கண்ணாடிக் குமிழ்களை எபாக்சியில் குழைத்துப் பூசுவார்கள். பிறகு துணி, பசை, தூரிகையால் குத்திக் குத்தி அழுத்தல், மிஞ்சிய பசையை ரப்பர் பட்டையால் வழித்தெடுத்தல்.

எபாக்சி இரண்டு திரவங்கள் சேர்ந்தது. பிசின் ஒன்று, அதை இறுகவைக்கும் துணைத் திரவம் ஒன்று. விகிதம் தவறினால் அது ஒழுங்காக இறுகாது. துணைத் திரவத்தைக் கூடுதலாக ஊற்றினால் வேகமாக இறுகும் என்பது பெயின்ட் அடித்துப் பழகியவர்களின் தவறான நம்பிக்கை. விகிதம் பிசகாமலிருக்க, வீட்டிலேயே செய்துகொள்ளும் ஒரு தராசு உண்டு. அதன் இரண்டு கைகளும் ஒரே நீளம் அல்ல. விகிதம் எவ்வளவோ அந்தக் கணக்கில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. முள் நேராக நின்றால் கலவை சரி. எண் பார்க்க வேண்டியதில்லை, கூட்டிக் கழிக்கவும் வேண்டாம்.

கலக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கவேண்டும். இறுகும்போது எபாக்சி சூட்டை வெளிவிடும். துணிமேல் மெல்லியதாகப் பரவியிருந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். கப்பில் மொத்தமாகக் கிடந்தால் சூடு உள்ளேயே தங்கி, சூட்டில் இன்னும் வேகமாக இறுகி, கடைசியில் கப்பே புகையும். கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. சிலருக்கு எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு போவதேயில்லை, பாதி கட்டிய விமானத்தை விட்டுவிட நேர்ந்திருக்கிறது.

இதையெல்லாம்விட எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. கண்ணாடியிழைத் துணி காய்ந்திருக்கும்போது வெள்ளை. எபாக்சி ஊறியதும் கண்ணாடியாகத் தெளிந்துவிடும், அடியிலிருக்கும் நுரையின் நிறம் தெரியும். எங்காவது காற்று அடைபட்டிருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். எக்ஸ்ரே வேண்டாம், விளக்கு வெளிச்சம் போதும். கரியிழை இதைவிட விறைப்பானது, லேசானது, ஆனால் கறுப்பு. உள்ளே இருக்கும் குறை கண்ணுக்குத் தெரியாது. முதன்முதலாகக் கட்டுகிறவனுக்குக் கண்ணாடியிழையைக் கொடுத்தது ருட்டனின் மிக நல்ல முடிவு என்று நினைக்கிறேன். தன் தவறைத் தானே பார்க்க முடிகிற பொருளைத்தான் அவர் கொடுத்தார்.

இறக்கையைத் தொடுவதற்கு முன் பயிற்சித் துண்டுகள் செய்யச் சொல்கிறது வரைபடம். அதில் ஒன்று, ஆறு அடுக்குத் துணியை ஒட்டி, அளவாக நறுக்கி, எடை போடுவது. எடை கூடினால் பசை அதிகம். பசைக்குத் தனியாகப் பலம் கிடையாது, பலம் இழையில். மிஞ்சிய பசை வெறும் சுமை. எடை குறைந்தால் துணி பட்டினி கிடக்கிறது என்று பொருள். சரியாக வரும்வரை திரும்பச் செய்யவேண்டும்.

ஏன் எல்லாமே வெள்ளை?

இந்த வகை விமானங்களின் படங்களைப் பாருங்கள், கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளையாக இருக்கும். அழகுக்காக அல்ல. ருட்டனின் வரைபடத்தைப் பின்பற்றுகிறவர்கள் பயன்படுத்தும் எபாக்சி அறைச் சூட்டிலேயே இறுகுவது. அப்படி இறுகியது ஓரளவுக்குமேல் சூடு ஏறினால் இளகத் தொடங்கும். உள்ளேயிருக்கும் நுரையும் அப்படியே. மே மாதத்து வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானெட்டில் கை வைத்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். வெள்ளைக் காரில் கை வைக்கலாம். மொஹாவி பாலைவனம் நம் வேலூரைவிடக் கொடியது. வெள்ளை பெயின்ட் அங்கே இறக்கையின் பலத்தில் ஒரு பங்கு.

முன்சிறகு

லாங்-ஈஸிக்கு வால் கிடையாது. வாலில் இருக்கவேண்டிய சிறு இறக்கை மூக்கில் இருக்கிறது. அதை முன்சிறகு என்போம். எஞ்சினும் விசிறியும் பின்னால். வேகம் மிகக் குறைந்து மூக்கு அளவுக்கு மேல் நிமிர்ந்தால் எந்த இறக்கையும் காற்றின்மேல் உள்ள பிடியை இழக்கும். இந்தப் பிடி நழுவல்தான் பல விமானிகளைக் கொன்றது. முன்சிறகு பெரிய இறக்கைக்கு முன்பே பிடி நழுவும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அது நழுவினால் மூக்கு தானாகவே தாழும், வேகம் திரும்பும். பெரிய இறக்கை அந்த ஆபத்தான கோணத்துக்குப் போவதேயில்லை.

ஆனால் முதலில் வந்த முன்சிறகுக்கு மழை ஆகவில்லை. வழவழப்பான பரப்பை ஒட்டிக் காற்று ஒழுங்காக ஓடும்படி செதுக்கப்பட்ட வடிவம் அது. துளிகள் படிந்தால் அந்த ஓட்டம் கலைந்து, தூக்கு குறைந்து, மழைக்குள் நுழைந்ததும் மூக்கு தாழும். விமானி கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுத்துச் சமாளிக்கவேண்டியிருந்தது. 1980களில் ஜான் ரான்ஸ் என்பவர் வேறொரு வடிவத்தைச் செதுக்கிக் கொடுத்தார். மழையைப் பொருட்படுத்தாத வடிவம். ஏற்கெனவே கட்டி முடித்துப் பறந்துகொண்டிருந்த பலரும் முன்சிறகை மட்டும் புதிதாகச் செய்து மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு குழாய்த் திருகி

1997 அக்டோபர் 12. கலிபோர்னியாவில் மான்டரே வளைகுடாவில் ஒரு லாங்-ஈஸி விழுந்தது. ஓட்டியவர் பாடகர் ஜான் டென்வர். விமானம் அவர் கட்டியதல்ல, பழையதாக வாங்கியது. இறக்கை முறியவில்லை, நுரையும் தோலும் குற்றமற்றவை. இடது தொட்டி, வலது தொட்டி என்று எரிபொருளை மாற்றும் திருகி வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கவேண்டும். கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார், எரிபொருள் குழாய் விமானி உட்காரும் இடத்துக்குள் வரவேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில். ஒரு தொட்டியில் எரிபொருள் குறைந்து, அதைத் திருப்ப உடம்பை முறுக்கும்போது கால் திசைமிதியை அழுத்தி, விமானம் கட்டுப்பாட்டை இழந்திருக்கவேண்டும் என்பது விசாரணையின் போக்கு. அந்த விமானத்தில் அவருக்குப் போதிய பழக்கமும் இல்லை.

வீட்டில் கட்டுகிறவனுக்கு எதையும் மாற்றும் சுதந்திரம் இருக்கிறது. வரைபடம் ஒரு பொருளை ஏன் அந்த இடத்தில் வைத்தது என்பது பல சமயம் வரைபடத்தில் எழுதியிருக்காது. அந்தத் திருகியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஷெட்டின் கதவு

அமெரிக்கச் சட்டம் இந்த விமானங்களுக்கு ஒரு தனி வகை வைத்திருக்கிறது. கட்டும் வேலையில் பாதிக்கு மேல் சொந்தக் கையால், கற்றுக்கொள்வதற்காகவோ மகிழ்ச்சிக்காகவோ செய்திருக்கவேண்டும். உள்ளே ஏறுகிறவர் கண்ணில் படும்படி 'சோதனை விமானம்' என்று எழுதியிருக்கவேண்டும். நம் நாட்டிலும் மும்பையில் விமானி அமோல் யாதவ் தன் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். 2017இல் அரசு அதைப் பதிவுசெய்தது.

ஷெட்டில் கட்டியதை வெளியே எப்படிக் கொண்டுவருவது என்று பலர் கேட்பார்கள். லாங்-ஈஸியின் இறக்கைகள் உடலின் குறுக்கே ஓடும் நடுத்தூலத்தோடு போல்ட்டில்தான் பூட்டப்படுகின்றன. கழற்றி, உடலை ஒரு வண்டியிலும் இறக்கைகளை இன்னொன்றிலும் ஏற்றி விமானத்தளத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்குள் ஆயிரம், இரண்டாயிரம் மணி நேரம் கடந்திருக்கும்.

அங்கே மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் மூன்று எடைக்கருவிகளை வைத்து நிறுத்துப் பார்ப்பார்கள். மொத்த எடை மட்டும் போதாது, எடையின் மையம் எங்கே விழுகிறது என்று தெரியவேண்டும். எஞ்சின் பின்னால் இருப்பதால் ஆள் ஏறாத லாங்-ஈஸி பின்பக்கம் சாய்ந்துவிடும். அதனால் விமானத்தைச் சும்மா நிறுத்திவைக்கும்போது முன் சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி வைப்பார்கள். மண்டியிட்ட காளை மாதிரி இருக்கும்.

பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம், எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்து, பயணிகள் யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் பறக்கவேண்டும். ஊர்களுக்கு மேலே போகக் கூடாது. முதல் நாள் பெரும்பாலும் ஓடுபாதையில் மட்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். பிரேக் பிடிக்கிறதா, எஞ்சின் சூடு ஏறுகிறதா என்று. பிறகொரு நாள், காற்று அடங்கிய அதிகாலையில், மூக்கு எழும். தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த சக்கரச் சத்தம் நிற்கும். விமானத்தளத்தின் மேலேயே வட்டமிட்டுவிட்டு இறங்குவார்கள். இறங்கியதும் எஞ்சின் மூடியைக் கழற்றி எண்ணெய் எங்கேயாவது கசிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன்பின் ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு, பெயின்ட் படாத உள்பக்கங்களில் புதிதாக வெள்ளைப் புள்ளி ஏதும் தெரிகிறதா என்று, இறக்கையின் அடிமரம் நெடுக மெதுவாகத் தேடிக்கொண்டு போவார்கள்.